ஆஸ்கர் மேடையில் 45 விநாடிகள்
வாசகர் கேள்வி - பதில்

கோத்தகிரி வாசகி: ஆஸ்கர் விருது விழாவை ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் பார்த்துவருகிறேன். 2023ஆம் ஆண்டு, நம் முதுமலையில் எடுக்கப்பட்ட ‘தி எலிபென்ட் விஸ்பரர்ஸ்’ குறு ஆவணப்படத்துக்கு விருது கிடைத்தபோது, இயக்குநர் பேசி முடித்ததும் தயாரிப்பாளர் வாய் திறப்பதற்குள் இசையை எழுப்பி இருவரையும் மேடையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். நட்சத்திரங்கள் மட்டும் விருப்பம்போல் பேசலாமா? ஆவணப்படம் என்றால் அவ்வளவு இளக்காரமா?

பதில்: தங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அம்மா. வெற்றி பெற்றவர்கள் ஏறத்தாழ 45 விநாடிக்குள் பேசி முடிக்க வேண்டும் என்பது ஏட்டளவில் எல்லோருக்கும் பொதுவான விதி. இசையை எப்போது எழுப்புவது என்பதோ நிகழ்ச்சியை நடத்துகிறவர்களின் கையில் இருக்கிறது. அந்தக் கை நடிகர்களிடம் தாராளமாகவும் குறும்படக்காரர்களிடம் கறாராகவும் நடந்துகொள்வதை நாம் பல ஆண்டுகளாகப் பார்க்கிறோம். உதகையில் வளர்ந்த கார்த்திகி கொன்சால்வ்ஸ் பழங்குடி மக்களையும் இயற்கையையும் முன்னிறுத்திப் பேசி முடித்தபின், அவருக்கு அருகிலேயே நின்ற குனீத் மோங்காவுக்கு இன்னும் அரை நிமிடம் தந்திருந்தால் விழா ஒன்றும் குலைந்துபோயிருக்காது.

ஆனால் இதைவிடப் பெரிய அநியாயம் அதற்கு முந்தைய ஆண்டே நடந்துவிட்டது. அதைப் பலர் கவனிக்கவில்லை. 2022ஆம் ஆண்டு விழாவில், நேரத்தைச் சுருக்குவதாகச் சொல்லி எட்டு விருதுகளை நேரலை தொடங்குவதற்கு முன்பே அரங்குக்குள் வழங்கிவிட்டு, அந்தக் காட்சிகளை வெட்டித் தொகுத்து ஒளிபரப்பின் நடுவே செருகினார்கள். படத்தொகுப்பு, ஒலி, பின்னணி இசை, கலை இயக்கம், ஒப்பனை, இரண்டு வகைக் குறும்படங்கள், குறு ஆவணப்படம் ஆகியவையே அந்த எட்டு. முதுமலைப் படம் ஓராண்டு முன்னதாக வென்றிருந்தால், நாம் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்திருந்தாலும் அந்த அறிவிப்பை நேரலையில் கேட்டிருக்க முடியாது.

2009ஆம் ஆண்டு விழாவை இந்த வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏ.ஆர். ரஹ்மான் பெற்ற இரண்டு விருதுகளில் ஒன்று பின்னணி இசைக்கானது; ரசூல் பூக்குட்டி பெற்றது ஒலிக்கலவைக்கானது. 2022இன் ஏற்பாடு அன்றே நடைமுறையில் இருந்திருந்தால், பாடலுக்கான விருதை மட்டுமே நாம் நேரலையில் பார்த்திருப்போம். 2019இல் குறு ஆவணப்படத்துக்கான விருதைப் பெற்ற படம், கோவை அருணாசலம் முருகானந்தம் உருவாக்கிய மலிவு விலை மாதவிடாய் அணையாடை இயந்திரத்தை ஒரு வட இந்தியக் கிராமத்துப் பெண்கள் இயக்கிய கதையைச் சொன்னது. நம் ஊர்ப்பக்கத்து மனிதர்களின் உழைப்பு அந்த மேடை வரைக்கும் போய்ச் சேர்ந்த வழிகள் பெரும்பாலும் இவைதாம்: இசை, ஒலி, குறு ஆவணப்படம். சுருக்க வேண்டும் என்றதும் முதலில் கத்தரி விழுந்ததும் இவற்றின்மேல்தான்.

அப்படிச் சுருக்கியதால் மிஞ்சியது எவ்வளவு? எட்டு விருதுக்கும் தலா 45 விநாடி என்றால் பேச்சுக்கு ஆகும் நேரம் மொத்தம் ஆறு நிமிடம். இத்தனைக்கும் அந்த ஆண்டு விழா மூன்றரை மணி நேரத்தையும் தாண்டி நீண்டது. திரைத்துறையினரின் கடும் எதிர்ப்புக்குப் பிறகு, 2023இல் 23 விருதுகளையும் மறுபடி நேரலைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டிலேயே முதுமலைப் படம் வென்றது நம் நல்வாய்ப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

குன்னூர் வாசகர்: 2022 விழா என்றாலே நடிகர் வில் ஸ்மித் தொகுப்பாளரை மேடையில் அறைந்ததுதான் நினைவுக்கு வருகிறது. அதையே திரும்பத் திரும்பக் காட்டியது முறையா?

பதில்: செய்தியாளர்கள் காட்டாமல் இருக்க மாட்டார்கள். ஆயினும் ஒரு சிறு திருத்தம், ஐயா: அடி வாங்கிய கிறிஸ் ராக் அன்றைய விழாத் தொகுப்பாளர் அல்லர், முழுநீள ஆவணப்படத்துக்கான விருதை அறிவிக்க வந்தவர். அந்த விருதை யார் பெற்றார் என்று கேட்டால், விழாவைப் பார்த்தவர்களிலேயே பத்துக்கு ஒன்பது பேர் விழிப்பார்கள். அரங்கமே திகைத்துப்போய் அமர்ந்திருந்த வேளையில் மேடையேறி நன்றி சொல்ல நேர்ந்த அந்தப் படக் குழுவினரை நினைத்துத்தான் எனக்கு வருத்தம்.

கூடலூர் வாசகர்: நம் தமிழ் விருது விழாக்களில் யாருடைய பேச்சையும் இசை எழுப்பி நிறுத்துவதில்லை. அந்த வகையில் நாம் மேல் அல்லவா?

பதில்: அரங்கில் நிறுத்துவதில்லை என்பது உண்மை, படத்தொகுப்பு அறையில் நிறுத்திவிடுகிறார்கள். நம்முடைய தனியார் விருது விழாக்கள் பெரும்பாலும் முன்பே பதிவு செய்யப்பட்டு, வாரங்கள் கழிந்தபின் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பங்கிடப்பட்டு ஒளிபரப்பாகின்றன. வென்றவர்கள் யார் என்பது அதற்குள் ஊரறிந்த செய்தியாகிவிடுவதால், எதிர்பார்ப்பை உண்டாக்க நடனங்களையும் நட்சத்திரங்களிடம் கேட்கும் விளையாட்டுக் கேள்விகளையும் நம்ப வேண்டியிருக்கிறது. அவற்றுக்கு இடம் தேடும்போது, ஒலிப்பதிவாளரும் சண்டைப் பயிற்சியாளரும் விருது வாங்கும் காட்சி மூன்று விநாடித் துணுக்காகச் சுருங்கிவிடுகிறது. ஆஸ்கர் விழாவிலாவது தயாரிப்பாளரின் வாய் அடைக்கப்பட்டதை நாம் கண்ணால் கண்டோம். இங்கே ஒருவர் பேசினாரா என்பதே நமக்குத் தெரியாது.

தேசியத் திரைப்பட விருது விழாவைத் தூர்தர்ஷனில் பார்ப்பது எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். முடிவுகள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுவிடுவதால் அங்கே பரபரப்பு கிடையாது. ஆனால் பெயர் அழைக்கப்படுகிறது, பாராட்டுரை வாசிக்கப்படுகிறது, படத்தொகுப்பாளரும் நடிகரும் ஒரே மாதிரி நடந்து வந்து பெற்றுக்கொண்டு போகிறார்கள். அந்தச் சமநிலைக்கும் 2018இல் பங்கம் வந்தது. குடியரசுத் தலைவர் தம் கையால் 11 பேருக்கு மட்டுமே வழங்குவார், ஏனையோருக்கு அமைச்சர் வழங்குவார் என்று கடைசி நேரத்தில் தெரிவிக்கப்பட்டதும், விருதாளர்களில் 50க்கும் மேற்பட்டோர் விழாவுக்கு வராமலே இருந்துவிட்டார்கள். அவர்கள் செய்தது சரியென்பதே என் கருத்து.

உதகை வாசகி: மார்ச் மாதக் குளிரில் ஐந்தரை மணிக்கு எழுந்து நேரலை பார்ப்பதைவிட, மாலையில் தொகுப்பைப் பார்த்தால் போதாதா?

பதில்: நடிகைகளின் உடை மட்டும் வேண்டுமென்றால் தாராளமாகப் போதும், கம்பளியை விட்டு எழவே வேண்டாம்.

மசினகுடி வாசகர்: யானைக்குட்டிகளை வளர்த்து, படத்தின் உயிராக இருந்த பாகன் தம்பதி பொம்மனையும் பெள்ளியையும் மேடையில் நிறுத்தியிருக்க வேண்டாமா?

பதில்: ஆவணப்படத்துக்கான சிலை இயக்குநருக்கும் தயாரிப்பாளருக்கும் உரியது, படத்தில் தோன்றியவர்களுக்கு அன்று. விழா நடந்த வேளையில் அவர்கள் இருவரும் தமிழ்நாட்டிலேயே இருந்தார்கள். மேடையில் நின்றிருந்தாலும், அவர்களை முன்னே விட்டுப் பேசச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. சில நாட்களில் சென்னையில் முதலமைச்சர் அவ்விருவருக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் வழங்கிப் பாராட்டியதோடு, தெப்பக்காடு, கோழிகமுத்தி ஆகிய இரு யானை முகாம்களிலும் பணிபுரியும் பாகன்கள், காவடிகள் எனப்படும் பாகன் உதவியாளர்கள் என 91 பேருக்கும் அதே தொகையை அறிவித்தார். படத்தில் முகம் காட்டாதவர்களையும் சேர்த்து எண்ணிய அந்தப் பட்டியல், நான் பார்த்த எந்த விருது விழாவின் நன்றியுரையையும்விட நீளமானது.