சூரியனுக்கு முதுகைக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

தென்காசிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். விடியற்காலையில் குளக்கரையில் நடக்கும்போது கைப்பேசியில் சூரிய உதயத்தைப் படம் எடுப்பது வழக்கம். நேரில் பெரிதாகச் சிவந்து தெரியும் சூரியன் படத்தில் வெள்ளைப் பொட்டாகிவிடுகிறது. கரையும் பனைமரங்களும் கறுத்துப்போகின்றன. நண்பர்கள் செயலியில் வானத்தையே மாற்றி ஆரஞ்சு நிறம் ஏற்றிக்கொள்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. தவணையில் நல்ல கேமராவும் பெரிய ஜூம் லென்ஸும் வாங்கலாமா? இந்தப் படங்களெல்லாம் கலையாகுமா, வெறும் பொழுதுபோக்கா?

ஒரு வாசகர், தென்காசி

அன்புள்ள நண்பருக்கு,

சில நாள்களாக மனத்தில் உறுத்திக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது. அண்மையில் கன்னியாகுமரியில் ஒரு விடியலில் நின்றிருந்தேன். கரை கொள்ளாத கூட்டம். எல்லார் கையிலும் கைப்பேசி, எல்லாம் கிழக்கு நோக்கி. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தலைகாட்டிய சூரியன் முழு வட்டமாக வெளியே வர இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம் ஆகும், அவ்வளவுதான். அது முடிந்ததும் கூட்டம் டீக்கடைகளுக்குக் கலைந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் ஊருக்குள் அலங்கார உபகார மாதா கோயிலின் வெள்ளைக் கோபுரம் இளஞ்சிவப்பாக மாறிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்க ஆளில்லை.

கடன் வாங்காதீர்கள். வானத்தில் சூரியனின் அகலம் அரை டிகிரிதான். கைப்பேசியின் முதன்மை லென்ஸோ ஏறத்தாழ 70 டிகிரி அகலத்தை ஒரே பார்வையில் அள்ளிக்கொள்கிறது. அதில் சூரியன் படத்தின் அகலத்தில் நூறில் ஒரு பங்குகூட வராது. அடிவானத்தில் அது பெரிதாகத் தெரிவது நம் மூளை காட்டும் மயக்கம். கேமராவுக்கு அந்த மயக்கம் கிடையாது. சூரியனைப் பெரிதாக்க வேண்டுமானால் குவியத் தூரம் 400 மில்லிமீட்டருக்குக் குறையாத லென்ஸ் வேண்டும். அதை ஏற்றிக்கொண்டு பழைய வகைக் கேமராவின் கண்ணாடித் துளை வழியே சூரியனைப் பார்ப்பது கண்ணுக்கு ஆபத்து. இவ்வளவும் செய்து கிடைப்பது என்ன? ஒரு சிவப்பு வட்டம். ராமேசுவரத்தில் எடுத்தாலும் விசாகப்பட்டினத்தில் எடுத்தாலும் அதே வட்டம். உங்கள் ஊர் அதில் எங்கே இருக்கிறது?

வெள்ளைப் பொட்டுக்கு மருந்து எளிது. சூரியனை ஒட்டிய வானத்தின்மேல் திரையில் விரலை அழுத்திப் பிடியுங்கள், ஒளியளவு பூட்டிக்கொள்ளும். பிறகு அருகில் தோன்றும் கோட்டைக் கீழே இழுங்கள். விடியலின் செம்மையைக் கைப்பேசி ஒரு பிழை என்று எண்ணித் திருத்திவிடும். உங்கள் கைப்பேசி கேமராவில் புரோ (Pro) முறை இருந்தால், அதற்குள் போய் நிறச்சமனைத் (white balance) தானியங்கியிலிருந்து வெயில் குறிக்கு மாற்றி வையுங்கள். வானத்தை மாற்றும் நண்பர்களோடு சண்டை வேண்டாம். ஒப்பாத அந்த மனத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். கலையா, பொழுதுபோக்கா என்ற கேள்விக்குள் நான் வரவில்லை. அதற்கு விடை தெரிந்தவர்கள் நல்ல படம் எடுத்து நான் பார்த்ததில்லை.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். தென்காசியில் இருந்துகொண்டு கிழக்கையா பார்த்து நிற்கிறீர்கள்? முதுகுக்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறதே ஐயா! தமிழ்நாட்டில் எத்தனை ஊர்களுக்கு இந்தக் கொடுப்பினை உண்டு? 1,500 மீட்டர் உயரமுள்ள ஒரு சிகரத்தில், அடிவாரத்துக்கு வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே வெயில் விழுந்துவிடும். காற்று மண்டலத்தைக் குறுக்காகக் கடந்து வரும் ஒளியில் நீலம் வழியிலேயே சிதறிப்போகிறது, மிச்சமான சிவப்புதான் அந்த உச்சியைத் தொடுகிறது. பிறகு வெளிச்சத்தின் விளிம்பு பாறை பாறையாக, மரம் மரமாகக் கீழே இறங்கி வரும். கண்ணெதிரே நகர்வது தெரியும். அதற்கும் முன்னால், சூரியன் எழக் கால் மணி நேரம் இருக்கையில், மேற்கு வானத்தில் இளஞ்சிவப்பாக ஒரு பட்டை தோன்றும். அதன் கீழே சாம்பல் நீலமாக ஒன்று தெரிந்தால் அது மேகம் என்று எண்ணிவிடாதீர்கள், பூமியின் நிழல். காற்றின்மேல் விழுந்து கிடக்கும் இந்தப் பூமியின் நிழலைப் பார்க்கக் காசு வேண்டாம், கருவி வேண்டாம், திரும்பி நின்றால் போதும். நீங்களோ அந்நேரத்தில் கிழக்கே ஒரு பொட்டைத் துரத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் பெரியப்பா. அம்பாசமுத்திரத்தில் இருந்தார். அவரிடம் ஒரு அக்ஃபா கிளிக் 3 இருந்தது. அந்தக் காலத்தில் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் இருந்த கேமராதான். கூர்மையைத் திருகிச் சரிசெய்யும் வேலையே அதில் கிடையாது. ஒரு சுருளுக்கு 12 படம். பின்பக்கம் சிவப்புக் கண்ணாடி பதித்த சிறு ஜன்னல் ஒன்று இருக்கும். குமிழைத் திருகத் திருக, சுருளின் முதுகுத் தாளில் அச்சிட்ட எண் அந்த ஜன்னலுக்குள் மெல்ல ஊர்ந்து வரும். எண் நடுவில் வந்து நின்றதும் பெரியப்பாவின் கையும் நிற்கும். அதற்குமேல் அரைத் திருகு திருகினாலும் பிலிம் வீண்.

வெயிலைத் தோளுக்குப் பின்னால் வைத்துக்கொள் என்பதுதான் எளிய கேமரா வைத்திருந்தவர்களுக்கெல்லாம் அன்று சொல்லப்பட்ட முதல் பாடம். பெரியப்பா அதை வேதமாக எடுத்துக்கொண்டார். விடியலில் வயற்காட்டுக்குப் போய்ப் பொதிகையைப் பார்த்து நிற்பார். வெளிச்சம் மலையில் இறங்கி நாற்றங்கால் வரைக்கும் வரவேண்டும். அதுவரை கேமரா பையை விட்டு வெளியே வராது. சூரியனுக்கு முதுகைக் காட்டினால் ஒரு தொல்லை உண்டு. எடுப்பவரின் நிழல் நீண்டு படத்துக்குள் விழும். பெரியப்பா ஒரு பனைமரத்தின் நிழலைத் தேடிப் பிடித்து அதற்குள் நின்றுகொள்வார். அவர் நிழல் மரத்தின் நிழலில் கரைந்துவிடும். கழுவி வந்த படத்தில் வயலின் குறுக்கே ஒரு பனை நிழல் மட்டும் மலையை நோக்கி நீளும். அதைவிட நல்ல நிலக்காட்சியை விலை உயர்ந்த கேமராக்களில் நான் அதிகம் பார்த்ததில்லை.

மார்கழிக்கும் ஆனிக்கும் ஒரே இடத்தில் நின்று எடுப்பார். மார்கழியில் சூரியன் தென்கிழக்கு ஒதுங்கி எழுவதால் மலை மடிப்புகளின் வடபுறம் இருட்டாக இருக்கும். ஆனியில் அது வடகிழக்கே போய்விட, இருட்டும் தென்புறத்துக்கு மாறிவிடும். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் அது ஒரே மலை என்று சொல்ல முடியாது. ஊரைவிட்டு ஊர் போய்ச் சூரியனைத் தேடுகிறவர்களுக்கு இது புரியுமா?

சாரல் காலத்தில் உங்களுக்கு இன்னொன்றும் கிடைக்கும். கிழக்கே வானம் வெளுத்திருக்க, மேற்கே மலைமேல் தூறிக்கொண்டிருக்கும். காலை வானவில் மேற்கில்தான் தோன்றும். சூரியன் தாழ இருக்கும்போது ஏறத்தாழ அரைவட்டமாக நிற்கும். அது 84 டிகிரி அகலம், முதன்மை லென்ஸில் அடங்காது. உங்கள் கைப்பேசியில் அகலக்கோண லென்ஸ் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் வில்லின் ஒரு கால் மலையில் ஊன்றிய இடத்தை மட்டும் எடுங்கள். லட்ச ரூபாய் லென்ஸ் இங்கே ஒரு வேலைக்கும் ஆகாது.

ஆடியில் உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள சுந்தரபாண்டியபுரத்துக்குப் போங்கள். அங்கே விளையும் சூரியகாந்தி மொட்டாக இருக்கும்வரைதான் சூரியனோடு திரும்பும். முற்றி மலர்ந்த பூ கிழக்கு நோக்கியே நின்றுவிடும். காலை வெயிலில் சீக்கிரம் சூடேறுவதால் தேனீக்களும் கூடுதலாக வரும். உதயத்தை எடுக்கிறேன் என்று வயலின் மேற்கு ஓரத்தில் நிற்கிறவருக்குப் பூக்களின் முதுகுதான் கிடைக்கும். கிழக்கு வரப்பில் நின்று மேற்கே பாருங்கள்: எல்லாப் பூவும் உங்கள் பக்கம், பின்னால் மலை. வரப்பிலேயே நில்லுங்கள். படத்துக்காக உள்ளே இறங்கிச் செடிகளை மிதிக்கிறவர்களால் அங்குள்ள விவசாயிகள் நொந்துபோகிறார்கள். நமக்கு அது காட்சி, அவர்களுக்கு அது ஒரு போகத்து விளைச்சல்.