பூந்திக்கொட்டையும் உப்புத் தண்ணீரும்: சலவை குறித்த சில கேள்விகள்

சோப்புக் கட்டியைத் துருவிச் சலவை சோடாவுடன் கலந்து பொடி தயாரித்தேன். காரைக்குடி வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் நுரையே வரவில்லை. வெள்ளைத் துணிகள் மங்கி, முரடாகிவிட்டன. எங்கே தவறினேன்?

குற்றம் உங்கள் கைப்பக்குவத்தில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. கடின நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள் சோப்பிலுள்ள கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து, நீரில் கரையாத பிசுக்காகத் திரிந்து நூலிடுக்குகளில் படிந்துவிடுகின்றன; துணி மங்குவதும் முரடாவதும் அதனால்தான். சலவை சோடா அந்தக் கால்சியத்தைப் பிரித்துப் படியச் செய்யும். ஆனால் சோப்பும் சோடாவும் ஒரே நேரத்தில் நீரில் விழுந்தால், சோடா தன் வேலையை முடிக்கும் முன்பே சோப்பு வீணாகிவிடுகிறது. ஆகவே ஒரு வாளி நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவை சோடாவை முதலில் கரைத்து, பத்து நிமிடம் விட்டு, அதன் பிறகு சோப்பைச் சேருங்கள்.

ஐயமிருந்தால் ஒரு பாட்டிலில் மழைநீரும் மற்றொன்றில் கிணற்று நீரும் எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு சோப்புத் துருவலை இட்டுக் குலுக்கிப் பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளில் ஓட்டுச் சரிவிலிருந்து முற்றத்தில் விழும் மழைநீரை அண்டாக்களில் பிடித்து வைத்த பெரியவர்கள், சோப்புக்கு உகந்த மென்னீரைத்தான் சேமித்தார்கள். கிணற்று நீரை விட்டால் வேறு வழியில்லை என்போருக்குப் பூந்திக்கொட்டையே ஏற்றது. அதில் அழுக்கை நீக்கும் இயற்கைப் பொருளான சபோனின், சோப்பைப் போலக் கடின நீரில் திரிவதில்லை.

பூந்திக்கொட்டைக் கரைசல் மூன்றாம் நாளே புளித்து நாறுகிறது. என்ன செய்யலாம்?

அது இயல்பே, பதப்படுத்தும் பொருள் எதுவும் இல்லாத கஷாயம் வேறு எப்படி இருக்கும்? சபோனின் மேல்தோலில்தான் இருப்பதால் விதையை நீக்கிவிடுங்கள். 50 கிராம் தோலை ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் இருபது நிமிடம் சிறுதீயில் கொதிக்கவிட்டு, ஆறியபின் பிசைந்து வடிகட்டினால் போதும். வாரத் தேவைக்கு மட்டும் தயாரித்து, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நுரை குறைவாகத்தான் வரும். நுரையைப் பார்த்து அழுக்கு நீங்குவதை அளக்கும் பழக்கத்தை விளம்பரங்களே நமக்கு ஏற்படுத்தின. காய்ந்த தோலை மிக்சியில் பொடிக்க நினைப்பவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை கட்டாமல் அரைத்துவிட்டு அரைமணி நேரம் தும்மினேன்.

சமையல் சோடாவையும் எலுமிச்சைச் சாற்றையும் கலந்தால் சலவைத் திறன் கூடுமா?

கூடாது. பொங்குவது கரியமில வாயு மட்டுமே. காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன.

கண்டாங்கிச் சேலைக்கும் பட்டுக்கும் இவற்றைப் பயன்படுத்தலாமா?

2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கி பருத்தியால் ஆனது. பூந்திக்கொட்டைக் கரைசலைத் தாராளமாகத் தாங்கும். முதல் சில சலவைகளில் தனியாகக் குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நிலைக்கும் என்பது நம்பிக்கை மட்டுமே. பட்டோ புரதத்தாலான இழை. சலவை சோடாவின் காரம் அதை அரித்துப் பளபளப்பைக் கெடுக்கும் என்பதால், பட்டின் அருகே சோடாவைக் கொண்டு செல்லாதீர்கள்.

விருந்தில் வெள்ளை வேட்டியில் மஞ்சள் கறை பட்டது. சோப்புப் போட்டதும் சிவந்துவிட்டது!

பதற வேண்டாம். மஞ்சளிலுள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். அலசியதும் மீண்டும் மஞ்சளாகும். எண்ணெய்ப் பசையைச் சோப்பால் நீக்கிவிட்டு, ஈரத்தோடு உச்சி வெயிலில் விரித்துப் போடுங்கள். குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்து வெளுக்கும் தன்மை கொண்டது. ஒரு வெயிலில் போகாவிட்டால் மறுநாளும் நனைத்துப் போடலாம்.

இயற்கைப் பொருள்தானே, துவைத்த நீரை ஊருணிக் கரையில் விடலாமா?

கூடவே கூடாது. சபோனின் மீனின் செவுள்களைத் தாக்கும். பூந்திக்கொட்டை போன்ற சபோனின் மிகுந்த காய்களை நசுக்கி நீரில் இட்டு மீன் பிடிக்கும் பழைய வழக்கமே உண்டு. பூந்திக்கொட்டை நீரைத் தென்னைக்கோ வாழைக்கோ பாய்ச்சலாம். சலவை சோடா கலந்த நீரைத் தொடர்ந்து ஒரே பாத்தியில் விட்டால் சோடியம் சேர்ந்து மண் இறுகிவிடும். அதைச் சாக்கடைக் குழாயிலேயே விட்டுவிடுங்கள்.