கருந்துளையும் ஒரு டஜன் கொசுக்களும்: வாசகர் கேள்விகள்

ஜெனிவாவில் புரோட்டான்களை மோதவிட்டால் கருந்துளை உருவாகி பூமியை விழுங்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் மறுபடியும் வருகிறதே?

2008-இலிருந்து சுற்றுகிற கதை. அந்த வருடம் ஹவாயில் வழக்கே போட்டார்கள், தள்ளுபடியானது. ஜெனிவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் வளையத்தில் நடக்கும் ஒரு மோதலின் ஆற்றல் 13.6 டெரா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு). கேட்க மிரட்டலாக இருக்கிறது, ஆனால் பறக்கும் கொசு ஒன்றின் இயக்க ஆற்றலே ஏறக்குறைய 1 டெரா எலக்ட்ரான் வோல்ட்! அதாவது ஒரு டஜன் கொசுக்கள். அவ்வளவையும் ஒரு புரோட்டானைவிடச் சிறிய இடத்தில் திணிப்பதுதான் விசேஷம். அதையும் விண்வெளிக் கதிர்கள், அதாவது விண்வெளியிலிருந்து பூமியைத் தாக்கும் அதிவேகத் துகள்கள், காலங்காலமாகச் செய்து வருகின்றன; பூமி இன்னும் இருக்கிறது. 1991-இல் அமெரிக்காவின் யூட்டாவில் பதிவான ஒரு துகள், காற்றில் மோதியபோது இதைப்போல ஐம்பது மடங்கு ஆற்றலைக் காட்டியது.

விண்வெளிக் கதிரால் உருவாகும் கருந்துளை வேகமாகப் பூமியைத் துளைத்துப் போய்விடும். ஜெனிவாவில் உருவாவது இங்கேயே தங்கிவிடுமே?

அருமையான கேள்வி. பழைய வாதத்தில் இருந்த ஓட்டையே இதுதான். ஆய்வாளர்களும் இதை விட்டுவிடவில்லை. எரிந்து முடிந்த விண்மீன்களின் மிச்சமான வெண்குறுமீன்களும் நியூட்ரான் விண்மீன்களும் அடர்த்தி மிக்கவை; விண்வெளிக் கதிர்கள் அவற்றையும் தாக்குகின்றன. எவ்வளவு வேகமாக வந்தாலும் அப்படிப்பட்ட கருந்துளை அவற்றுக்குள் சிக்கி நின்றுவிடும். அது ஆபத்தானது என்றால் அந்த விண்மீன்கள் எப்போதோ காணாமல் போயிருக்க வேண்டும். மிக வயதானவைகூட இன்றும் வானத்தில் இருக்கின்றன.

2008-இல் இயந்திரம் வெடித்ததை மறைத்துவிட்டார்களாமே?

அறிக்கையே வெளியிட்டார்கள், எங்கே மறைத்தார்கள்? தொடங்கி ஒன்பதே நாளில், செப்டம்பர் 19 அன்று, காந்தங்களுக்கு இடையிலிருந்த ஒரு மின் இணைப்பு பழுதானது. மின்பொறி பறந்து, காந்தங்களைக் குளிர்விக்கும் ஹீலியத்தின் உறையில் ஓட்டை போட்டது. டன் கணக்கில் ஹீலியம் பீறிட, 35 டன் எடையுள்ள காந்தங்களே இடம் பெயர்ந்தன. 53 காந்தங்களை மேலே கொண்டுவந்து சரிசெய்து, 2009 நவம்பரில்தான் மறுபடி ஓட்டினார்கள். எனக்கு இந்த மாதிரிக் கோளாறுதான் கவலை. ஒற்றை மோதல் கொசு என்றாலும், கோடானுகோடி புரோட்டான்கள் சேர்ந்த முழுக் கற்றை, வேகமாக ஓடும் ரயிலுக்குச் சமம். தடம் மாறினால் நொறுங்குவது இயந்திரம், உலகம் அல்ல. அப்புறம், 2016-இல் மின்மாற்றியைக் கடித்து எல்லாவற்றையும் நிறுத்தியது கீரி மாதிரியான ஒரு சிறு விலங்கு.

செர்னில் நடராஜர் சிலை முன் நரபலி நடந்ததாக வீடியோ வந்ததே?

சிலை 2004-இல் இந்தியா கொடுத்த பரிசு. 2016-இல் வந்த வீடியோ நடிப்பு. வளாகத்துக்குள் போக அனுமதி உள்ள யாரோ செய்த வேண்டாத வேலை. செர்ன் விசாரணை வைத்தது.

அப்படியானால் தேனி நியூட்ரினோ ஆய்வகத்தைப் பற்றியும் பயப்பட வேண்டாமா?

எதையும் ஊடுருவிப் போகும் நுண்துகளான நியூட்ரினோவைப் பற்றி வேண்டாம். இந்த நொடியில் உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியே சூரியனிலிருந்து வந்த சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் போகின்றன. ஆய்வகம் எதையும் தயாரிக்கப் போவதில்லை. தானாக வருவதைப் பிடிக்கத்தான் 50,000 டன் காந்த இரும்பு. ஆனால் பொட்டிப்புரம் மலையில் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம், பாறைக்கு வெடி, தண்ணீர் என்று வரும்போது என்னைப் போன்ற இயற்பியல்காரன் சமாதானம் சொல்லி முடிக்கக்கூடாது. காட்டையும் நிலத்தடி நீரையும் அறிந்தவர்கள் பேச வேண்டிய இடம் அது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்ற காரணத்துக்காகத்தான் 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது.