முதுகுத்தண்டு நீரோடு ரத்தமும் ஏன்?

கேள்வி: தங்கைக்கு 27 வயது. ஒரு கண் திடீரென மங்கியது. மூளை எம்.ஆர்.ஐ.யில் வெள்ளைத் திட்டுகள். எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், உடலின் எதிர்ப்பாற்றலே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்) ஆக இருக்கலாம், முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேலூருக்கு வாருங்கள் என்கிறார்கள். கால் விளங்காமல் போய்விடுமா? ரத்தப் பரிசோதனை போதாதா? – வாசகர், குடியாத்தம்

கால் பயம் வேண்டாம். தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்குக் கீழே, மூன்றாம் நான்காம் இடுப்பு எலும்புகளுக்கு நடுவிலோ அதற்கும் ஒரு படி கீழோ. அங்கே நீரில் மிதக்கும் நரம்பு இழைகள் மட்டுமே. காலில் சுரீரென்று இழுத்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள், ஊசியைத் திருப்பிக்கொள்வார்கள்.

ரத்தம் மட்டும் போதாது, நீர் மட்டும் போனாலும் வீண். தண்டுவட நீரிலுள்ள ஐஜிஜி எதிர்ப்புப் புரதத்தில் பெரும்பகுதி சாதாரணமாக ரத்தத்திலிருந்து கசிந்து வருவதுதான். எம்.எஸ்.ஸில் மூளைக்குள்ளேயே பி செல்கள் என்ற ஒருவகை வெள்ளணுக்கள் குடியேறி அதைத் தயாரிக்கின்றன. இந்த உள்ளூர்ச் சரக்கைப் பிரித்தறிய, இரண்டு மாதிரிகளையும் ஒரே ஐஜிஜி அளவுக்குக் கொண்டுவந்து, மின்சாரம் பாய்ச்சிய ஜெல்லில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டுகிறார்கள். பார்கோடு போலக் கோடுகள் விழும். நீரில் மட்டும் இரண்டோ அதற்கு மேலோ கோடுகள் இருந்தால் பாசிட்டிவ். இரண்டிலும் அதே கோடுகள் என்றால் அவை ரத்தத்திலிருந்து வந்தவை, எம்.எஸ்.ஸுக்குச் சாட்சியாகாது. ஆகவே நீர் எடுக்கும் வேளையிலேயே ரத்தமும் எடுத்தார்களா என்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் இந்த ஜெல் முறையின் பெயர் 'ஐசோஎலக்ட்ரிக் ஃபோகஸிங்' என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். நுட்பம் குறைந்த, வெறும் புரத எலக்ட்ரோபோரசிஸ் முறை பல கோடுகளைக் கோட்டைவிடும்.

கோடு இருந்தாலே எம்.எஸ். ஆகிவிடாது. காசநோய் மூளைக்காய்ச்சல், சிபிலிஸ் போன்ற தொற்றுகளிலும் வரும். நம் ஊரில் இதை மறக்கக் கூடாது. நீரில் வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 50-க்கு மேல் போனாலோ சர்க்கரை குறைந்திருந்தாலோ வேறு நோயைத் தேட வேண்டும். மேலை நாட்டு எம்.எஸ். நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர்வரை கோடு தென்படும், ஆசியர்களிடம் குறைவு. கோடு இல்லை என்பதற்காக நோயே இல்லை என்று வீட்டுக்குப் போய்விட வேண்டாம். எம்.ஆர்.ஐ. திட்டுகள் எம்.எஸ்.ஸுக்கு உரிய இடங்களில் இருந்து கோடும் இருந்தால், எம்.எஸ்.ஸை உறுதிசெய்வதற்கான 2017 மெக்டொனால்டு விதிகளின்படி இரண்டாவது தாக்குதல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அதுதான் இந்த ஊசியால் கிடைக்கும் பெரிய லாபம்.

கண்ணில் தொடங்கியதால் எம்.எஸ். போலவே தோன்றும் வேறு நோய்களைக் காட்டும் அக்வாபோரின்-4, மாக் எதிர்ப்புப் புரதங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றுக்கு ரத்தமே சிறந்த மாதிரி. அக்வாபோரின் பாசிட்டிவ் என்றால் நோய் வேறு. இன்டர்ஃபெரான் போன்ற சில எம்.எஸ். மருந்துகள் அதைக் கெடுத்தேவிடும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதும் சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். பென்சில் முனை ஊசி கேட்டு வாங்குங்கள், தலைவலி குறையும். எழுந்தால் வலித்து, படுத்தால் அடங்குவது நீர்க்கசிவுத் தலைவலி. பெரும்பாலும் சில நாளில் தானே விடும். ஊசி போட்டபின் நாள் முழுக்க மல்லாந்து கிடப்பதால் அதைத் தடுக்க முடியாது. அன்று குடியாத்தத்துக்கு டூ வீலரில் திரும்ப வேண்டாம், பஸ்ஸில் துணையோடு போகட்டும். காய்ச்சல், கழுத்து இறுக்கம், கால் மரத்துப்போவது, சிறுநீர் பிரியாமை, இதில் எது வந்தாலும் அன்றிரவே திரும்பி வாருங்கள்.