கிளைடரின் மெயின் பின் பாதியில் இறுகி நின்றுவிட்டால் தேய்க்கலாமா, தட்டலாமா?

இறக்கை நுனிக்கு நுனி 15 மீட்டர் உள்ள பழைய ஒற்றை இருக்கை கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து வாங்கியிருப்பதாகவும், டிரெய்லரிலிருந்து இறக்கிப் பூட்டும்போது வலது இறக்கைக்கும் உடற்பகுதிக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி நிற்பதாகவும், இரண்டு இறக்கைகளையும் ஒன்றாகப் பூட்டும் உலோகத் தண்டான மெயின் பின் பாதிவரை போய் இறுகிக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பின்னை உப்புத்தாளால் தேய்க்கலாமா, ரப்பர் சுத்தியலால் தட்டலாமா என்பது உங்கள் கேள்வி. இரண்டுமே வேண்டாம். ஜெர்மனியில் ஒரு கிளைடர் சங்கத்தில் பல ஆண்டுகளாக வார இறுதிதோறும் இதே வேலையைச் செய்துவருபவன் என்ற முறையில், காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முந்தைய உரிமையாளரிடம் ஒழுங்காக நுழைந்துகொண்டிருந்த மெயின் பின் உங்களிடம் வந்ததும் பருத்துவிடவில்லை. துளைகள் நேருக்கு நேர் நிற்கவில்லை என்பதே பெரும்பாலும் உண்மையாக இருக்கும். இரண்டு இறக்கைகளின் ஸ்பார் முனைகளும் (இறக்கையைத் தாங்கும் முதன்மை உத்தரத்தின் முனைகள்) உடற்பகுதிக்குள் ஒன்றையொன்று தழுவி நிற்க, அவற்றின் புஷ்களை (துளைகளில் பதித்த உலோக வளையங்களை) ஊடுருவிச் செல்லும் இந்தப் பின்னுக்கு விடப்பட்டிருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகள்தான். இறக்கை உடற்பகுதியோடு சேரும் வேர்ப்பகுதியில் உள்ள முளைகளை அச்சாகக் கொண்டு பார்த்தால், உள்ளே ஸ்பார் முனை ஏறத்தாழ அரை மீட்டரும் வெளியே இறக்கை நுனி ஏழு மீட்டரும் நீள்கின்றன. ஆகவே நுனியைப் பிடித்திருக்கும் நண்பர் கையை 1 செ.மீ. உயர்த்தினால், உள்ளே துளை 0.7 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும். அவர் தோள் மாற்றிப் பிடித்தாலே பின் இறுகிக்கொள்ளும்.

எனவே சரிசெய்ய வேண்டிய இடம் பின்னிலிருந்து ஏழு மீட்டர் தள்ளி இருக்கிறது. முதலில் உடற்பகுதி தாங்கியில் ஒரு பக்கமாகச் சாயாமல் நிமிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். அது சாய்ந்திருந்தால் மற்ற எதைத் திருத்தியும் பயனில்லை. இறக்கை நுனிகளை ஆள் பிடிப்பதைவிட, உயரம் மாற்றக்கூடிய தாங்கியில் வைப்பது நல்லது. பிறகு பின்னை வெளியே எடுத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் துளைக்குள் பாருங்கள். முன்னால் உள்ள புஷ்ஷின் வட்டத்துக்குள், பின்னால் உள்ள புஷ்ஷின் விளிம்பு மெல்லிய பிறைபோல எட்டிப்பார்க்கும். அந்தப் பிறை கீழ்ப்பக்கம் தெரிந்தால் பின்னால் உள்ள துளை மேலே ஏறி நிற்கிறது என்று பொருள். அந்தத் துளை உள்ள இறக்கையின் நுனியைக் கொஞ்சம் உயர்த்தினால் துளை இறங்கும். பிறை பக்கவாட்டில் தெரிந்தால் இறக்கை இன்னும் முழுதாக உள்ளே வரவில்லை. உங்கள் விரற்கடை இடைவெளியை வைத்துப் பார்க்கும்போது உங்களுக்கு இதுதான் தெரியும் என்று நினைக்கிறேன். கிளைடரோடு வந்த நெம்புகோல் டிரெய்லரில் எங்காவது கிடக்கும்; அதைக் கொண்டு இறக்கைகளை ஒன்றையொன்று நோக்கி இழுங்கள். நுனியில் உள்ளவர் இறக்கையைத் தள்ளும்போது, வேர்ப்பகுதியில் நிற்பவர் அதன் பின்விளிம்பைச் சற்றே தூக்கியும் தாழ்த்தியும் கொடுத்தால் முளைகள் தம் இடத்தைக் கண்டுகொள்ளும்.

பிறை மறைந்த பிறகும் இறுகினால்தான் அழுக்கைச் சந்தேகிக்க வேண்டும். பழைய கிரீஸ் மணலோடு சேர்ந்து சாந்துபோல் கெட்டியாகிவிடும்; அதைப் பழந்துணியால் முற்றிலும் துடைத்தெடுத்துவிட்டுக் கைவிரலில் படியும் அளவுக்கு மட்டும் புதிய கிரீஸ் தடவுங்கள். அதிகம் தடவினால், மறுமுனை மூடிய துளைகளில் அதுவே அடைத்துக்கொண்டு முளையை வெளியே தள்ளும். குளிரால் இரும்பு சுருங்கி இறுகுகிறது என்று எங்கள் சங்கத்திலும் சொல்வார்கள்; ஆனால் 30 மி.மீ. விட்டமுள்ள எஃகுப் பின் 20 பாகை குளிர்ந்தாலும் 0.007 மி.மீ. மட்டுமே சுருங்கும், எஃகு புஷ்ஷும் அதே விகிதத்தில் சுருங்கும். குளிரில் மாறுவது கிரீஸின் இளக்கம்தான்.

சுத்தியலைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. முதல் ஆண்டில், எல்லோரும் ஓடுபாதைக்குப் போய்விட்ட அவசரத்தில், பாதியில் நின்ற பின்னை நான் மூன்று முறை தட்டினேன். உள்ளே போய்விட்டது, பெருமையாகவும் இருந்தது. மாலையில் வெளியே வரவில்லை. ஒருவழியாக எடுத்தபோது பின்னின் நீளத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் ஒரு கீறலும், புஷ்ஷின் வாயில் சிறு பிசிரும் இருந்தன. உரிமம் பெற்ற ஆய்வாளர் பார்த்துச் சரிசெய்து கையெழுத்திடும்வரை மூன்று வாரம் கிளைடர் கொட்டகையில் கிடந்தது. உப்புத்தாள் இதைவிட மோசம்: பறக்கும்போது இறக்கைகளை வளைக்கும் விசை முழுவதும் இந்த இணைப்பின் வழியாகவே போகிறது, தேய்த்தெடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்டவும் முடியாது. பாதியில் சிக்கிய பின்னை வெளியே எடுப்பதற்கும் நுனியை மில்லிமீட்டர் கணக்கில் ஏற்றி இறக்குவதே வழி. கண்ணுக்குக் கீறலோ துருவோ தெரிந்தால் அதற்குமேல் நீங்கள் கைவைக்காமல் ஆய்வாளரை அழையுங்கள்.

சில இடங்களில் இறுக்கம் வேறொன்றைச் சொல்லும். கட்டுப்பாட்டுத் தண்டுகள் தாமாகவே இணைந்துகொள்ளும் மாடல்களில், ஏர்பிரேக் (இறக்கையிலிருந்து எழும் வேகத்தடுப்புத் தகடு) பூட்டியிருந்தாலோ கட்டுப்பாட்டுக் கோல் ஓரத்தில் சாய்ந்திருந்தாலோ இறக்கை கடைசிச் சில மில்லிமீட்டர் உள்ளே வராது; அங்கே பலத்தைக் காட்டினால் தண்டு வளையும். வால் இறக்கை தன் இருக்கையில் முழுதாகப் படியவில்லை என்றால், எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) இணைப்பு மாட்டவில்லை என்றே முதலில் எண்ணுங்கள், திருகை முறுக்காதீர்கள். கட்டுப்பாட்டுத் தண்டுகளைக் கையால் மாட்டும் எல்’ஹொட்டெலியே வகைக் குண்டு இணைப்புகள் இருந்தால், பாதுகாப்பு ஊசிக்கான சிறு துளை முழுதாகத் தெரிய வேண்டும். ஊசி நுழைய மறுத்தால் குண்டு உள்ளே அமரவில்லை, ஊசியை மாற்றிப் பயனில்லை. எல்லாம் பூட்டிய பிறகு ஒருவர் வெளியே ஒவ்வொரு கட்டுப்பாட்டு மடலையும் கையால் அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளிருந்து கோலை அசைத்து எதிர்ப்புத் தெரிகிறதா என்று பார்ப்பதை ஒருநாளும் விடாதீர்கள்.

பின் கையாலேயே வழுக்கிப் போகும் உயரம் கிடைத்ததும், தாங்கியின் கம்பத்தில் அந்த இடத்தில் ஒரு நிற நாடாவைச் சுற்றிவிடுங்கள். தரை மேடுபள்ளம் மாறுவதால் அடுத்த முறை அது அப்படியே பொருந்தாது. ஆனாலும் தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.