கச்சத்தீவில் வலை காய்ந்த காலம்

ஐயா, வணக்கம்.
என் தாத்தா ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து பினாங்குத் துறைமுக வேலைக்கு வந்தவர். கச்சத்தீவில் வலை காயப்போட்ட கதையை அடிக்கடி சொல்வார். தமிழ்நாட்டில் தேர்தல் வந்தால் தீவை இலங்கையிடமிருந்து மீட்போம் என்கிறார்கள். மீட்டால் மீனவர் பிரச்சினை தீருமா?
ஒரு வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

தீராது என்றே நினைக்கிறேன். தாத்தா சொன்ன கதையிலேயே காரணம் இருக்கிறது.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே பாக் நீரிணையில் இருக்கும் கச்சத்தீவு மொத்தமே 285 ஏக்கர். குடிதண்ணீர் இல்லாததால் யாரும் குடியேறவில்லை. ராமேஸ்வரத்துக்காரர்களும் இலங்கையின் நெடுந்தீவுக்காரர்களும் அங்கே கரையேறியது வலைக்காகத்தான். அன்றைக்குப் பருத்தி நூல் வலை. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மக்கிப்போகும். வெயிலில் விரித்துப்போட்டு, கிழிசலைப் பின்னி, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு மறுபடி கடலுக்குப் போவார்கள். அப்புறம் நைலான் வலை வந்தது. தீவில் இறங்க வேண்டிய தேவையே குறைந்துபோனது.

1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போனபோதுகூட, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் விசா இல்லாமல் வந்துபோகலாம் என்று எழுதினார்கள். மீன்பிடிப்புக்குத் தடை வந்தது 1976இல், இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில். மேடைகளில் 1974 பேசப்படும் அளவுக்கு இது பேசப்படுவதில்லை.

இன்றைய சண்டை இழுவைமடியைப் பற்றியது. தமிழ்நாட்டு விசைப்படகுகள் இந்த வலையை இழுத்துக் கடலடியை வாரிக்கொண்டு போகின்றன, மீன்குஞ்சுகூட மிஞ்சுவதில்லை. அவை இறால் தேடிப் போவது தீவையும் தாண்டி, நெடுந்தீவு, தலைமன்னார் பக்கம். தீவு கைமாறினாலும் அந்தக் கடல் இலங்கையுடையதுதான். போர்க்காலத்தில் கடலுக்குப் போக முடியாமல் கிடந்த வடபகுதித் தமிழ் மீனவர்கள் 2009க்குப் பிறகு திரும்பி வந்து போட்ட வலைகளை இந்தப் படகுகள் அறுத்துக்கொண்டு போகின்றன. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடைசெய்தது. இந்தியப் பக்கமோ, படகில் கூலிக்குப் போகிறவர்தான் சிறைக்குப் போகிறார். குண்டடி பட்டுச் செத்தவர்களும் உண்டு. இரண்டு பக்கத்து வலியும் எனக்கு ஒன்றுதான்.

நம் பினாங்கு வட்டாரத்துக்கும் இது புதிதல்ல. 1960, 70களில் புக்காட் துண்டா என்ற இழுவைமடிப் படகுகள் வந்தபோது இந்த மேற்குக் கரையில் அடிதடி நடந்தது, உயிர்களும் போயின. பிறகுதான் கரையை ஒட்டிய 5 கடல்மைலைச் சிறு மீனவர்களுக்கென்று ஒதுக்கினார்கள். அத்துமீறல் இன்னும் உண்டு, ஆனால் கேட்பதற்கு ஒரு விதி இருக்கிறது. பாக் நீரிணைக்கும் அப்படி ஒன்று வேண்டும். இழுவைமடியை விடுகிறவர்களுக்கு மாற்றுத் தொழிலும் கடனும் கொடுத்தாக வேண்டும்.

தவக்காலத்தில் நடக்கும் அந்தோனியார் திருவிழாவுக்கு இரு கரையாரும் இன்னும் கச்சத்தீவுக்குப் போகிறார்கள். பேச்சுவார்த்தையை அங்கேயே, மீனவர்களை முன்னால் உட்காரவைத்து நடத்தலாம் என்பது என் விருப்பம்.

அன்புடன்.