உப்புக்காற்று வீசும் வீட்டில் எலுமிச்சை வளருமா?

கேள்வி: உச்சிப்புளி பக்கம் கடலுக்கு அருகில் வீடு கட்டியிருக்கிறோம். எலுமிச்சை, சாத்துக்குடி, டிராகன், அவகாடோ என்று ஆசைப்பட்டு வாங்கி வைத்தோம். இலை நுனி கருகி ஒவ்வொன்றாகப் பட்டுப்போகிறது. கன்று விற்றவர் உரம் போடச் சொல்கிறார். இந்த மண்ணில் இவையெல்லாம் வருமா?

பதில்:

எலுமிச்சை நிச்சயம் வரும். நீங்கள் சொன்ன மற்றவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் உரத்தை நிறுத்துங்கள். இலையின் நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகி, பின் இலையே உதிர்வது இந்தக் கடற்கரையில் பெரும்பாலும் உப்பின் வேலைதான். இரசாயன உரமும் பெரும்பாலும் ஒரு வகை உப்புதான். ஏற்கெனவே உப்பால் வேர் தண்ணீர் இழுக்க முடியாமல் தவிக்கும் கன்றுக்கு மேலும் உப்பு கொடுத்தால் அது எப்படித் தாங்கும்?

நான் ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். எங்கள் ஊர் மல்லிகை நாற்று எங்கெங்கோ போவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்குக் காரணம் இந்த மணலும், மணலின் மேல்மட்டத்தில் நிற்கும் நல்ல தண்ணீரும்தான். இந்தத் தண்ணீரைப் புரிந்துகொள்ளாமல் கடலோரத்தில் எந்தப் பழமரத்தையும் வளர்க்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீரின் எடை குறைவு என்பதால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், காலப்போக்கில் உப்பு 40 அடி ஏறி வரும். ஆழ்துளைக் கிணறு போட்டவர் வீட்டில் முதல் வருடம் இனித்த தண்ணீர் பிறகு கரிப்பதற்கு இதுதான் காரணம். தோட்டத்துக்கென்று தண்ணீர் எடுப்பதாக இருந்தால் ஆழமில்லாத கிணறோ ஊற்றோ போதும். அதிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறைக்க வேண்டும்.

அந்தத் தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று டிடிஎஸ் மீட்டரால் அளந்து பாருங்கள். ஏறக்குறைய 700 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 700 மில்லிகிராம் உப்பு வரை எலுமிச்சைக் குடும்பம் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போகப் போகக் காய்ப்பு குறைந்து, பின் மரமே நலியும். 700 என்பது எவ்வளவு குறைவு என்று தெரிய வேண்டுமா? கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. 50 குடம் சுத்தமான தண்ணீரில் ஒரு குடம் கடல்நீர் கலந்தாலே இந்த அளவு வந்துவிடும். மார்கழியில் அளந்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். வைகாசியில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

உங்கள் கிணறு இந்த அளவைத் தாண்டினாலும் வழி இருக்கிறது. நம் ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர்; அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டிவிடுகிறது. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 சென்டிமீட்டர் மழை விழுந்தால் அது 9,000 லிட்டருக்கும் அதிகம். ஒரு தொட்டி கட்டிச் சேமித்தால், இரண்டு மூன்று எலுமிச்சையைக் கோடையில் காப்பாற்ற அது போதும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு கிடையாது. நம் ஈரக்காற்றில் அது நிறையவே சொட்டும், வாளி வைத்துப் பிடியுங்கள். ஆனால் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றவே கூடாது. குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. இதை எத்தனை வீடுகளில் பார்க்கிறேன், மனம் வலிக்கிறது.

எலுமிச்சையைத் தரையில் நடுவதைவிட, 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டி, அடியில் நிறையத் துளையிட்டு அதில் வைப்பது நம் பக்கத்துக்கு நல்லது. வேருக்கு எந்தத் தண்ணீர் போகிறது என்பது அப்போது உங்கள் கையில் இருக்கும். செம்மண், கண்மாய் வண்டல் கொஞ்சம், நன்றாக மக்கிய ஆட்டு எரு, மணல் ஆகியவற்றைக் கலந்துகொள்ளுங்கள். தென்னை நார்க்கழிவு சேர்ப்பதானால் பலமுறை அலசிய பிறகே சேர்க்க வேண்டும், அதிலும் உப்பு உண்டு. கரை ஒதுங்கும் கடல்பாசிக்கும் இதே விதிதான். மாதம் ஒருமுறை, துளை வழியே தாராளமாக வெளியேறும் அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றிச் சேர்ந்த உப்பைக் கழுவிவிடுங்கள். எப்போதும் தூரில் மட்டும் ஊற்றுங்கள். கரிப்புத் தண்ணீர் இலையில் பட்டால் இலை வழியாகவே உப்பு உள்ளே போகும்.

கன்று வாங்கும்போது எந்த வேர்ச்செடியின் மேல் ஒட்டு கட்டியது என்று கேளுங்கள். ரங்பூர் எலுமிச்சை வேர், உப்பிலுள்ள குளோரைடை இலைக்கு ஏறவிடாமல் ஓரளவு தடுக்கும். ஜம்பேரி என்ற இன்னொரு எலுமிச்சை வகையின் வேருக்கு அந்தத் திறன் குறைவு. சாத்துக்குடி வேண்டுமென்றால் ரங்பூர் மேல் கட்டியது கிடைக்கும் வரை காத்திருங்கள். பொட்டாஷ் கொடுக்கும் காலம் வந்தால் மியூரியேட் வேண்டாம், அது குளோரைடு. சல்பேட் வடிவத்தில் வாங்குங்கள்.

புதுத் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது வேறு கதை. சிப்பியும் பவளத்தூளும் கலந்த சுண்ணாம்பு மணலில் இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காது. இலைவழித் தெளிப்பாக நுண்ணூட்டம் கொடுத்தால் தேறும். இலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பது வண்ணத்துப்பூச்சியின் புழு. அதை எடுத்து முற்றிய கறிவேப்பிலை மரத்தில் விட்டுவிடுங்கள், அதுவும் அதே குடும்பம்தான், புழு பிழைத்துக்கொள்ளும்.

இனி வெளிநாட்டுச் செடிகள். அவகாடோவை விட்டுவிடுங்கள், எலுமிச்சையைவிட உப்புக்கு அஞ்சுவது அது. மங்குஸ்தானும் ரம்புட்டானும் கல்லாறு, குற்றாலம் போன்ற ஈரமான மலையடிவாரங்களுக்கு உரியவை. புளூபெரிக்குப் புளிப்பு மண் வேண்டும், நம்முடையது நேர் எதிர். டிராகன் தொட்டியில் வரும், சித்திரை வெயிலுக்கு மட்டும் நிழல்வலை கட்டுங்கள். ஆசை அடங்கவில்லை என்றால் வறண்ட நாடுகளிலிருந்து வந்தவற்றைத் தேடுங்கள். பேரீச்சை உப்பை வெகுவாகத் தாங்கும். ஆண் மரம், பெண் மரம் தனித்தனி என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அடீனியமும் காகிதப்பூவும் நம் வெயிலில் பூத்துக் குலுங்கும். சப்போட்டாவும் கொடுக்காப்புளியும் சீத்தாவும்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவைதாமே! ஆனால் தானாகப் பரவும் எதையும் கொண்டுவராதீர்கள். சீமைக்கருவேலம் என்ன செய்தது என்பதை நம் மாவட்டத்தாருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுக்குக் கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று எழுதவில்லை. வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் என்றால் வாடைக் காற்றும், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் என்றால் சோழகம் என்னும் தெற்குக் காற்றும் உப்பைச் சுமந்து வரும். அந்தத் திசையில் பூவரசும் புன்னையும் நெருக்கமாக இப்போதே நட்டுவிடுங்கள். அவை வளரும் வரை எலுமிச்சை டிரம் வீட்டுச் சுவரின் மறைவில், வெயில் படும் இடத்தில் இருக்கட்டும்.